கடல் இறாலும் கைவிட்டுப் போன பங்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. கிளம்பும்போது வீட்டம்மா வாசலில் நின்று தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "என்னங்க, கடல் இறாலா பார்த்து வாங்குங்க. குட்டை இறால் வேண்டாம்." நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். தொக்கு வைத்தால் எது எந்த இறால் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். இங்கே 'ரொய்யலு' என்று ஒரே பேரில் இரண்டையும் விற்பார்கள். ஏமாந்துவிட்டு வந்தால் அன்றைக்கு எனக்கு மோர்க்குழம்புதான் :-)

போன மாதம் பையனும் கூட வந்தான். கல்லூரி முதல் வருஷம். "அப்பா, நாம அமெரிக்காவுக்கு இவ்வளவு இறால் அனுப்பறோமே, அவங்க எதைச் சாப்பிடறாங்க?" என்றான். "குட்டை இறால்தான். நம்ம கடல் இறாலை 2019-லேர்ந்து அவங்க உள்ளே விடறதில்லை" என்றேன். "ஏன், ருசி பிடிக்கலையா?" "இல்லடா, ஆமை."

அவன் சிரித்துவிட்டான். கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எழுபது வருஷக் கதை இருக்கிறது. அதில் கொஞ்சத்தை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

(முன்னெச்சரிக்கை: நான் மீன்வளம் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருப்பவன். கணக்குப் போட மட்டும் தெரியும்.)

கருவாட்டிலிருந்து ஐஸ் பெட்டிக்கு

மேற்குக் கரையிலிருந்து இறால் வெளிநாடு போவது புதிதல்ல. ஐஸ் இல்லாத காலத்தில் அவித்து, காயவைத்து, மூட்டை கட்டி அனுப்பினார்கள். பெரிய சந்தை பர்மா. அடுத்தது இலங்கை. ரங்கூனில் நம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த அதே காலத்தில் கொச்சி, ஆலப்புழைப் பக்கத்துக் காய்ந்த இறாலும் அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்தது. உலகப் போருக்கும் விடுதலைக்கும் பிறகு அந்தச் சந்தை சுருங்கிப்போனது.

1953-ல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அனுப்பியவர் மாதவன் நாயர் என்ற தொழிலதிபர். கொச்சி இடப்பள்ளியில் இருக்கும் கேரள வரலாற்று அருங்காட்சியகம் அவர் பேரில் உள்ள அறக்கட்டளையுடையதுதான். போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அதே 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து 1952-ல் போட்ட ஒப்பந்தம். நோக்கம் நல்ல நோக்கம்: படகுக்கு எஞ்சின் வைப்பது, ஐஸ் ஆலை கட்டுவது, குடிநீரும் ஆஸ்பத்திரியும் தருவது, மக்கள் மலிவாக நிறைய மீன் சாப்பிடச் செய்வது. நடந்தது வேறு. எஞ்சின் படகில் இழுவலை கட்டி இழுத்தபோது இறால் கிடைத்தது. இறாலுக்கு டாலர் கிடைத்தது. உள்ளூர்ச் சோற்றுத் தட்டுக்காக ஆரம்பித்த திட்டம் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்து நின்றது. இறாலுக்கு 'இளஞ்சிவப்புத் தங்கம்' என்றே பேர் வைத்தார்கள்.

அதன் மேல் 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசானது. 100 டாலர் சரக்கு அனுப்பியவனுக்கு நேற்று 476 ரூபாய், இன்று 750. ஒரு கிலோகூட அதிகம் பிடிக்காமல் வருமானம் ஒன்றரை மடங்கு! தொழிலுக்குச் சம்பந்தமில்லாத முதலாளிகளெல்லாம் படகு கட்ட ஏன் ஓடிவந்தார்கள் என்பதை விளக்க இந்த ஒரு கணக்கு போதும்.

1961-ல் ஜப்பான் இறால் இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தது. எழுபதுகளில் அமெரிக்காவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நமக்குப் பெரிய வாடிக்கையாளரானது. 1972-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்து கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தை ஏற்படுத்தினார்கள். சுருக்கமாக எம்பெடா. தலைமையகம் கொச்சி.

இந்தக் காலத்தில் வெளிநாடு போனது பெரும்பாலும் கடலில் பிடித்த இறால் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் இந்தியாவுக்கென்று ஒரு பங்கு உருவானது வலையை நம்பித்தான். குளம் அப்புறம்தான் வந்தது. அந்தப் பங்குக்குக் கரையோரம் விலையும் கொடுத்தது. கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் இழுவலைப் படகுகளோடு மோதினார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1988-ல்தான் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை வந்தது.

வலையில் ஒரு கதவு

இனி ஆமைக்கு வருவோம். கடலாமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். இழுவலையை மணிக்கணக்கில் கடலடியில் இழுக்கும்போது உள்ளே மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதற்கு அமெரிக்காவில் எண்பதுகளில் ஒரு கருவி வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டெட்' என்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வலையின் கழுத்துப் பகுதியில் நீள்வட்டமாக ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகத் தைத்துவிடுவது. கம்பிகளுக்கு நடுவில் அதிகபட்சம் 4 அங்குல இடைவெளி. இறால் இடைவெளியில் புகுந்து வலையின் அடிப்பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சாய்வில் சறுக்கி, அங்கே வைத்திருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். நம் வீட்டில் மாவு சலிக்கும் கதைதான்.

அமெரிக்க மீனவர்கள் இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1987-ல் விதி வந்தது. 1989 ஜூலையில் டெக்சாஸ், லூசியானா கரையோரத் துறைமுகங்களைப் படகுகளை நிறுத்தி மறித்தார்கள். லூசியானா மாநிலம், தன் அதிகாரிகள் டெட் விதியை அமல்படுத்தவே கூடாது என்று 1987-ல் சட்டம் போட்டு, 2015-ல்தான் அதை நீக்கியது! "எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? வெளிநாட்டுக்காரன் இந்தக் கதவில்லாமல் பிடித்து மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிறானே" என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயமும் இருந்தது.

அதன் பலன்தான் 1989 நவம்பரில் வந்த அமெரிக்கச் சட்டத்தின் 609-ஆம் பிரிவு. ஆமைக்குப் பாதுகாப்பில்லாத முறையில் கடலில் பிடித்த இறால் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது. முதலில் கரீபியன், மேற்கு அட்லாண்டிக் பக்கத்து நாடுகளுக்கு மட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்று 1995 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் சொன்னது. 1996 மே 1 முதல் அமல். அந்தப் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருஷ அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கிடைத்திருந்தது. நமக்கு நாலே மாதம்.

இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்தன. (இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் உட்கார்ந்த அபூர்வக் காட்சி.) 1998 அக்டோபர் 12-ல் மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு வந்தது. 'நாம் ஜெயித்தோம்' என்று நம் ஊர்ப் பக்கம் பேசிக்கொண்டார்கள். பாதி உண்மை. தீர்ப்பு சொன்னது இதுதான்: ஆமையைக் காப்பாற்ற இப்படிச் சட்டம் போடுவது தப்பில்லை. ஒருவருக்கு மூன்று வருஷம், இன்னொருவருக்கு நாலு மாதம் என்று பாரபட்சமாக அமல்படுத்தியதுதான் தப்பு. அமெரிக்கா சட்டத்தை நீக்கவில்லை. நடைமுறையை மட்டும் திருத்தியது. அப்போதும் குறை இருக்கிறதென்று மலேசியா மறுபடி போனது, 2001-ல் தோற்றது. அதாவது விதி நிலைத்துவிட்டது. நமக்குக் கிடைத்தது அவகாசம் மட்டும்.

அந்த அவகாசத்தை நாம் என்ன செய்தோம்?

குளம் மறைத்த இழப்பு

அவசரம் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் நிஜம். காரணம், குளங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆந்திராவிலும் எங்கள் நாகைப் பக்கத்திலும் இறால் பண்ணைகள் பரவின. நெல் விளைந்த வயலுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர்க் குளம் வெட்டியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அந்தப் பண்ணைகளைப் பற்றியதுதான். 1995 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பலரைச் சாய்த்தது. அதையும் தாண்டி, 2009-ல் வன்னாமி இனத்தை வளர்க்க அரசு அனுமதி கொடுத்த பிறகு பண்ணைத் தொழில் மடமடவென்று ஏறியது.

பண்ணை இறாலுக்கு ஆமை விதி கிடையாது. குளத்தில் ஏது ஆமை? எனவே மொத்தப் புள்ளிவிவரத்தில் நம் கொடி உயரத்தான் போனது. 2023-24-ல் இந்தியாவின் கடல்பொருள் ஏற்றுமதி 17.81 லட்சம் டன். மதிப்பு 60,523 கோடி ரூபாய். இதில் உறைந்த இறால் மட்டும் சுமார் 40,000 கோடி. அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்முடையது. பத்திரிகையில் இதைப் படிப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

ஆனால் இரண்டும் ஒரே பெட்டி இல்லை. பண்ணைப் பணம் பெரும்பாலும் ஆந்திராவுக்கு. கேரளத்தில் கரிக்காடியும் பூவாலனும் பிடிக்கும் படகுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. கிளையின் மொத்த டெபாசிட் ஏறியிருக்கிறது என்பதற்காக ஒரு வாடிக்கையாளர் கணக்கு காலியாவது தெரியாமல் போகும் பாருங்கள், அந்த மாதிரி.

மேசைக்கு இந்தப் பக்கம்

2019-லிருந்து நம் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு சாத்தப்பட்டது. நம் இழுவலைகளில் அவர்கள் கேட்ட மாதிரி டெட் இல்லை என்பது காரணம். நான் அப்போது கொச்சியில் ஒரு கிளையில் இருந்தேன். படகுக் கடன் வாங்கிய ஒருவர், அறுபதை நெருங்கியவர், தவணை தள்ளிப்போனதால் வந்து உட்கார்ந்தார். கூட அவர் படகை ஓட்டும் ஸ்ராங்கும் வந்திருந்தார். குளச்சல்காரர். எனக்குத் தமிழ் என்று தெரிந்ததும் மலையாளத்தை ஓரம் வைத்துவிட்டார்.

"ஏற்றுமதிக்கம்பெனிக்காரங்க விலையை இறக்கிட்டாங்க சார். கேட்டா அமெரிக்கா வாங்கலை, இதுக்கு மேல தர முடியாதுங்கிறாங்க" என்றார்.

"அப்படியானால் அந்தக் கம்பிச் சட்டத்தை மாட்டிவிடலாமே, பெரிய விலையா?" என்று நான் அறிவாளியாகக் கேட்டேன்.

முதலாளி, "சாரே, எங்க கடல்ல ஆமையைப் பார்க்கிறதே எப்பவாவதுதான். அதுக்கு என் வலையில எதுக்கு ஓட்டை?" என்றார்.

ஸ்ராங்கு சொன்னதுதான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "அமெரிக்காக்காரன் படகு இறாலுக்குன்னே போற படகு சார். நாங்க கணவாய், சங்கரா, திருக்கை எல்லாம் சேர்த்துத்தான் பிடிக்கிறோம். அந்த ஓட்டை வழியா ஆமை மட்டுமா போகும்? பெரிய மீனும் போகும். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழிச்சு மிஞ்சினதில்தான் எங்களுக்குப் பங்கு. எங்க பங்கும் அந்த வழியாத்தான் போகும்."

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற டெட் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. இறால் இழப்பு மிகச் சொற்பம் என்பது விஞ்ஞானிகள் கணக்கு. மீனவர்கள் அதை நம்பத் தயாரில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது வேறொரு கணக்கு பிடிபட்டது.

அந்த மனிதர் மட்டும் நாளைக்கே டெட் மாட்டிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையில் அவர் இறாலுக்குக் கூடுதல் விலை கிடைக்குமா? கிடைக்காது. ஏலத்தில் எல்லாப் படகு இறாலும் ஒன்றாகக் கலந்துவிடும். அமெரிக்கா சான்று கொடுப்பது பெரும்பாலும் நாட்டுக்கு, படகுக்கு இல்லை. ஆக இழப்பு அவருடையது, பலன் ஊருடையது. மற்றவர்கள் மாட்டாதவரை அந்தப் பலனும் வராது. எல்லோரும் மாட்டி அவர் மட்டும் விட்டால்? அவருக்கு இரட்டை லாபம்!

வங்கியில் கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து வாங்குவார்கள். ஒருவர் கட்டவில்லை என்றால் குழுவுக்கே அடுத்த கடன் கிடையாது. அது ஓடுவதற்குக் காரணம் அந்தப் பத்துப் பேரும் ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ்பவர்கள். 'இந்தியாவின் பங்கு' என்பதும் அப்படிப்பட்ட கூட்டுக் கணக்குதான். ஆனால் உறுப்பினர்கள் குஜராத்தின் வேராவலில், கொச்சியில், விசாகப்பட்டினத்தில், ஒடிசாவின் பாரதீப்பில். ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்தது கிடையாது. வசூலுக்குப் போகிறவரும் கிடையாது. சில கடலோர மாநிலங்கள் டெட் கட்டாயம் என்று விதியில் எழுதியும் வைத்தன. எழுதியதோடு சரி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

மெக்சிகோவைப் பாருங்கள். டெட் விஷயத்தில் குறை இருக்கிறதென்று 2021 ஏப்ரல் கடைசியில் அமெரிக்கா அதன் சான்றை நிறுத்தியது. அவர்கள் படகுகளைச் சோதித்து, பயிற்சி கொடுத்து, அக்டோபரிலேயே சான்றைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள்!

அர்ஜென்டினாவுக்கு வேறு அதிர்ஷ்டம். அவர்கள் கடல் குளிர்ந்த கடல். இறால் பிடிக்கும் இடத்தில் ஆமைக்கு ஆபத்தில்லை என்று சான்று கிடைத்துவிடுகிறது. அவர்களுடைய சிவப்பு இறால் முழுக்க முழுக்கக் கடலில் பிடித்தது. 'காட்டு இறால்' என்றே பெட்டியில் அச்சடித்து அமெரிக்கக் கடைகளில் விற்கிறார்கள். நம் கரிக்காடி இருக்க வேண்டிய அலமாரி அது. அலமாரியில் விட்ட இடம் காலியாகக் காத்திருக்காது. யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இலங்கையும் பல வருஷப் பட்டியல்களில் சான்று பெற்ற நாடு. சிறு படகு, கையால் இழுக்கும் வலை என்ற கணக்கில். பாக் நீரிணையில் நம் இழுவலைப் படகுகளைப் பற்றி நடக்கும் சண்டை தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள கசப்பு புரியும்.

ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்கும் என்று இல்லாமல் குறிப்பிட்ட சில மீன்பிடிப் பகுதிகளுக்கு மட்டும் அமெரிக்கா சான்று கொடுத்திருக்கிறது. நமக்கு இதுதான் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேராவல் மாட்டாததற்குக் கொச்சி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? ஒரு துறைமுகம், அதன் படகுகள் எல்லாவற்றிலும் டெட், அந்த இறாலுக்குத் தனி ஏலம், தனி விலை. அப்போது கூட்டுக் கணக்கு ஒரே தெருக்காரர்கள் கணக்காகிவிடும். பக்கத்துப் படகுக்காரனே கண்காணித்துக்கொள்வான்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் டெட் கருவிக்கு மானியம் உண்டு. நல்லது. ஆனால் கருவியின் விலை எப்போதும் பெரிய விஷயமாக இருந்ததில்லை. ஒரு தடவை கடலுக்குப் போய்வரும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் அது கொசு. ஸ்ராங்கு பயந்தது கருவி விலைக்கு அல்ல. ஒவ்வொரு இழுப்பிலும் போகும் பங்குக்கு. அதை ஈடுகட்ட முதல் இரண்டு, மூன்று வருஷம் விலையில் ஏதாவது கூட்டிக்கொடுத்தால்தான் அவர் மாட்டுவார். கடன் கொடுக்கும்போது தவணை தொடங்கச் சில மாதம் விடுகிறோமே, அது போல.

இனி ஆமையின் கணக்கு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முட்டையிட வந்த தாய்கள். பெசன்ட் நகரில் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மாணவர்கள் ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுகிறார்கள். கரையில் அவர்கள் காப்பாற்றுவதைக் கடலில் வலை தின்றுவிடுகிறது. கேரளத்தில் ஆமை அபூர்வமாக இருக்கலாம். ஒடிசாவிலும் நம் கரையிலும் அபூர்வமில்லை. அமெரிக்கா சொன்னதால் கசக்கிறதே தவிர, விஷயம் பொய்யில்லை.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊரிலும் பீமவரம் பக்கத்திலும் பண்ணைக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். கடல் இறால் போன வழியில் குட்டை இறாலும் போய்விடுமோ என்று கலங்கினார்கள். அரசன் போடும் வரியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வலையில் ஒரு கதவு வைப்பது நம் கையில் இருந்த விஷயம். 1996-லிருந்து இருந்தது.

அந்தக் கொச்சிக்காரர் கடைசியில் படகை விற்றுக் கடனை அடைத்துவிட்டார். டீசல் விலையும் ஒரு காரணம். எல்லாவற்றையும் ஆமை தலையில் கட்ட மாட்டேன். கணக்கு வாராக்கடனாகவில்லை. என் ரெக்கார்டு சுத்தம். கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட வந்த அன்று ஸ்ராங்கு கூட வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் துறைமுகத்தில் வெயில் ஏறிவிட்டது. "அப்போ நாம சாப்பிடற இந்தக் கடல் இறால், அமெரிக்காக்காரன் வேண்டாம்னு சொன்னதா அப்பா?" என்றான். ஆமாம் என்றேன். "அதான் நமக்குக் கிடைக்குது" என்று சிரித்தான். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். குளச்சலில் ஒரு வீட்டில் அப்படி இருந்திருக்காது என்பதை நினைத்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பேரம் பேசவில்லை.